லோ நோட்

பாரஸ்மல் கேட்டது ஒரே கேள்வி.
ஸ்டியரிங்கும் ஹாரனும் ஒரிஜினலா, இல்லையா.
ஆமாம் என்றால் ஊர்வலத்தில் முன்வரிசை,
இல்லை என்றால் பதினைந்து மார்க் போகும்.
மிண்ட் தெரு கோடவுனில்
ஐம்பத்து நாலாம் வருஷத்துப் பச்சை வண்டி,
இரண்டு பேருக்கு மேல் இடம் தராத வண்டி,
அடகுக்கு வந்து மூழ்கிப்போன வண்டி
பானெட் திறந்து
டாக்டரிடம் வாய் காட்டுவதுபோல் நின்றது.

சக்கரம் பார்த்ததுமே பொய் என்று தெரிந்தது.
தடித்த பிளாஸ்டிக்,
நடுவில் பியட் சின்னத்தைச் சுரண்டிய தழும்பு.
நட்டைக் கழற்றினேன். தண்டின் பற்களில் அரம் ஓடியிருந்தது.
பொருந்தாததைப் பொருத்த யாரோ
ஒரு மத்தியானம் முழுக்க ராவியிருக்கிறான்.
தண்டுக்குள் ஒயர் மட்டும் அசல்:
பழுப்பில் கறுப்புக் கோடு, நூல் பின்னிய உறை.
கோடவுன் எலிகூட வாய் வைக்கவில்லை.

இந்த ஜாதி வண்டிக்கு ஹாரன் ஜோடியாகத்தான் வரும்.
ஒன்று கீச்சுக்குரல், ஒன்று அடித்தொண்டை.
இடப்பக்கத்து விளிம்பை மண்ணெண்ணெயில் துடைத்தேன்.
ஹெச் என்று ஒரு எழுத்து, பக்கத்தில் 3, 54.
வண்டி முடிந்தது ஏப்ரலில். சரி.
வலப்பக்கம் இருந்தது
போன தீபாவளிக்குப் புதுப்பேட்டையில் பிறந்தது.
அதன் தாங்கியைக் கழற்றினால்
வெயில் பார்க்காத பச்சை, பிறை அளவுக்கு.

கல்மண்டபம் காயலான் கடையில் பெஞ்சமின் சொன்னான்:
"கம்பி கம்பியா இருக்குமே, அதுவா?
ஹாரனோட சேத்து லாஞ்சுக்காரங்க எடுத்துனு பூட்டாங்கோ.
அலையில மணிக்கட்டு நோவாதாம்."

காசிமேட்டில்
ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே தேசப்பனின் படகு.
கேபினுக்குள் அது.
நாலு நாலு கம்பியாய் மூன்று கொத்து,
அமுக்கினால் கொஞ்சம் வளைந்து தரும்.
விளிம்பெல்லாம் நைலான் நூல்.
நூலை விலக்கி நகத்தால் சுரண்டினேன்.
நீலம். கீழே சிவப்பு. கீழே வெள்ளை.
கறுப்பு வர நகம் உடைந்தது.
நடுவுல அமுக்கு, என்றான்.
அமுக்கினேன்.
கூரையிலிருந்து அடித்தொண்டை.
மீன் கூடைக்காரிகள் ஒருத்தியும் திரும்பவில்லை.
ஏறிப் பார்த்தேன். எல். 3, 54.

ஒரு தொகை சொன்னேன்.
(பாரஸ்மல் தருவதாகச் சொன்னதில் பாதி.)
"எக்கா, படகு கட்ன நாள்லேர்ந்து இதான்.
வேற மாட்னதேயில்ல.
என் போட்டுக்கு இதான் ஒரிஜினலு."
பேசிக்கொண்டே கையை வைத்தான்.
பத்து மணி, இரண்டு மணி இடங்களில்
பள்ளம் இருந்தது. விரல்கள் அதில் இறங்கின.

அரைக்கிலோ சங்கரா கொடுத்தான், காசு வாங்கவில்லை.
அது லஞ்சமா என்று இன்றுவரை தெரியவில்லை.

ராத்திரி எழுதினேன்.
ஸ்டியரிங்: பிற்காலத்தது.
ஹாரன், இடம்: அசல்.
ஹாரன், வலம்:
அங்கே பேனா நின்றது.
காணவில்லை என்றால் பொய்.
கடலில் உள்ளது என்றால்
பாரஸ்மல் வலை போடுவார்.
கடைசியில், அசல் நன்றாக வேலை செய்கிறது,
இந்த வண்டியில் அல்ல, என்று எழுதினேன்.
அவர் பதினைந்து மார்க்கைக் கழித்துப் பார்த்துவிட்டு
என் கூலியிலும் கொஞ்சம் கழித்தார்.

சோதனை ஓட்டம் என்று சொல்லி
ராயபுரம் பாலம் வரை ஓட்டினேன்.
வலப்பக்க ஒயரைப் பிடுங்கிவிட்டு
பாலத்து மேல் நிறுத்தி அமுக்கினேன்.
கீச்.
துறைமுகப் பக்கம் காது வைத்துக் காத்திருந்தேன்.
பின்னால் நின்ற கன்டெய்னர் லாரிதான் பதில் சொன்னது,
முழுத் தொண்டையில்.
டிரைவர் எட்டிப் பார்த்து
என் அம்மாவையும் சேர்த்துக்கொண்டான்.